ஆரம்பப் பள்ளியில் ஆலோசகரின் பணி

ஓர் ஊருக்குப் பள்ளி வேண்டுமென்றால் முதலில் கட்டடத்தை நினைக்கிறோம்; அடுத்து ஆசிரியரை நினைக்கிறோம்; பிறகு புத்தகம், கரும்பலகை, குடிநீர், உணவு ஆகியவற்றை நினைக்கிறோம். இவை யாவும் இன்றியமையாதனவே. 1956 ஆம் ஆண்டில் தமிழகத்தில் மதிய உணவுத் திட்டம் பரவலாகத் தொடங்கப்பெற்றபோது, பசித்த வயிற்றோடு இருக்கும் குழந்தைக்குப் பாடம் ஏறாது என்ற உண்மையை நாடு ஒப்புக்கொண்டது. 2022 செப்டம்பரில் அரசு ஆரம்பப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அவ்வுண்மையின் தொடர்ச்சியே ஆகும்.

ஆயினும், வயிறு நிறைந்த பின்னரும் பாடத்தில் மனம் செல்லாத குழந்தைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கின்றனர். ஒருவன் வகுப்பில் உறங்குகிறான். ஒருத்தி கேட்ட கேள்விக்கு வாய் திறப்பதில்லை. இன்னொருவன் அடுத்த பையனை அடித்துக்கொண்டே இருக்கிறான். வேறொருத்தி வாரத்தில் இரண்டு நாள் வருவதில்லை. இவர்களுக்குச் ‘சோம்பேறி’, ‘ஊமை’, ‘முரடன்’, ‘மக்கு’ என்று பெயர் வைத்துவிடுவது நமக்கு மிக எளிது. ஏழு வயதில் வைத்த அப்பெயர் பதினேழு வயது வரை கூடவே வருகிறது. படிப்பை இடையில் நிறுத்திய இளைஞர் பலருடைய வாழ்க்கையில், அவர்கள் பள்ளியை விட்ட நாளுக்குப் பல ஆண்டுகள் முன்னரே பள்ளி அவர்களைக் கைவிட்டிருக்கும்.

குறையைச் சொல்வது எளிது. அதன் காரணத்தைத் தேடுவது அரிது. அத்தேடலையே தம் தொழிலாகக் கொண்டவர் பள்ளி ஆலோசகர். அவர் செய்யும் வேலை யாது, அவர் இல்லாத ஊரில் அவ்வேலையை யார் செய்வது என்பவற்றை நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்ளுதல் நலம்.

கூட்டுறவு இதழில் இப்பொருளுக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். 1844 இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் சங்கம் கண்ட முன்னோடிகள் 28 பேர். அவர்களுள் கைத்தறி நெசவாளர்களும் இருந்தனர். மாவும் வெண்ணெயும் விற்ற அச்சிறு சங்கம், பின்னர்த் தன் உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கிற்று. கல்வியைக் கூட்டுறவின் புறத்தே நிறுத்தும் வழக்கம் நம் இயக்கத்தில் என்றுமே இருந்ததில்லை.

இவ்வலுவல் தோன்றிய வரலாறு

பள்ளி ஆலோசகர் என்ற அலுவல் அமெரிக்க நாட்டில் வேரூன்றியது. 1908 ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பார் தொழில் வழிகாட்டும் நிலையம் ஒன்றை நிறுவினார். பள்ளியை விட்டு வேலை தேடித் திரிந்த இளைஞர்களுக்கு, அவரவர் திறமையையும் விருப்பத்தையும் ஆராய்ந்து ஏற்ற தொழிலைத் தெரிந்தெடுக்க உதவுவதே அதன் நோக்கம். ஆகவே, ஆலோசனை என்பது முதலில் பள்ளி வாயிலுக்கு வெளியே நின்றது.

1957 அக்டோபரில் சோவியத் நாடு முதற் செயற்கைக் கோளை விண்ணில் ஏவியது. அறிவியலில் பின்தங்கிவிட்டோமோ என்று கலங்கிய அமெரிக்க அரசு, 1958 இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை இயற்றிற்று. திறமை மிக்க மாணவரைக் கண்டறிந்து ஊக்குவிக்கும் பொருட்டு, உயர்நிலைப் பள்ளிகளில் ஆலோசகர்களை அமர்த்தவும் பயிற்றவும் அச்சட்டம் பொருள் வழங்கிற்று. 1964 இல் சட்டம் திருத்தப்பெற்று, இவ்வுதவி ஆரம்பப் பள்ளிகளுக்கும் விரிந்தது.

இவ்வரிசையை உற்று நோக்கின் ஓர் உண்மை புலப்படும். வேலை தேடும் இளைஞனிடம் தொடங்கிய பணி, உயர்நிலைப் பள்ளிக்குப் பின்னோக்கிச் சென்று, இறுதியில் ஆறு வயதுக் குழந்தையிடம் வந்து நின்றது. கடைமடையில் பயிர் காய்ந்தால் கடைமடையிலேயே நின்றுகொண்டிராமல் வாய்க்காலின் தலைப்பு வரை சென்று அடைப்பைத் தேடும் உழவரின் முறை இது.

ஆலோசகர் செய்வன

1952 இல் தோன்றிய அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம், 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் வேண்டுமெனப் பரிந்துரைக்கிறது. அவர் தம் நேரத்தில் நூற்றுக்கு எண்பது பங்கையேனும் மாணவர்க்கான பணியிலேயே செலவிட வேண்டுமென்பதும் அச்சங்கத்தின் கொள்கை. ஆரம்பப் பள்ளியில் அப்பணி நான்கு வகைப்படும்.

முதலாவது, வகுப்பு முழுமைக்கும் உரியது. ஆலோசகர் குறித்த நாளில் வகுப்புக்கு வந்து, கோபம் வந்தால் என்ன செய்வது, நண்பனோடு பிணங்கினால் எப்படி ஒன்றுசேர்வது, பிறர் தொடக்கூடாத முறையில் தொட்டால் யாரிடம் சொல்வது என்பவற்றைக் கதையாலும் விளையாட்டாலும் கற்பிக்கிறார். இது நோயாளிக்கு மருந்து கொடுப்பது போன்றதன்று. எல்லோருக்கும் நல்ல தண்ணீர் கொடுப்பது போன்றது.

இரண்டாவது, சிறு குழுவுக்கு உரியது. ஒரே வகைத் துன்பமுள்ள ஐந்தாறு குழந்தைகளைச் சில வாரங்கள் சேர்த்து வைத்துப் பேசுகிறார். தந்தையை இழந்தோர், புது ஊரிலிருந்து வந்து சேர்ந்தோர், கூச்சத்தால் ஒதுங்குவோர் எனக் குழுக்கள் அமையும். தனக்கு மட்டுமே இத்துன்பம் வந்ததென்று எண்ணியிருந்த குழந்தை, மற்றொரு குழந்தைக்கும் அஃதே என்று அறியும்போது பாதிப் பாரம் இறங்கிவிடுகிறது.

மூன்றாவது, தனித்தனிக் குழந்தையோடு பேசுதல். வளர்ந்தவரைப் போல நாற்காலியில் அமர்ந்து தன் கவலையை எடுத்துரைக்க ஏழு வயதுக் குழந்தையால் இயலாது. ஆகவே ஆலோசகர் தாளும் வண்ணக் கோலும் தருகிறார். களிமண்ணும் பொம்மைகளும் தருகிறார். விளையாட்டே குழந்தையின் மொழி என்ற கொள்கையை விளக்கி வர்ஜீனியா ஆக்ஸ்லைன் என்னும் அம்மையார் 1947 இல் எழுதிய நூல் இத்துறையில் இன்றும் போற்றப்பெறுகிறது. படத்தையோ விளையாட்டையோ ஒருமுறை கண்டவுடன் முடிவு கட்டிவிடுவதும் தவறு. குழந்தை பேசத் தொடங்குவதற்கு அவை வாயில்கள், அவ்வளவே.

நான்காவது, ஆசிரியரோடும் பெற்றோரோடும் கலந்து பேசுதல்; தேவைப்படுமிடத்து மருத்துவர், சமூக நலத் துறையினர் முதலியோரிடம் அனுப்பி வைத்தல். ஆலோசகர் மருத்துவரல்லர். நோய்க்குப் பெயர் சூட்டுவதோ மருந்து கொடுப்பதோ அவர் வேலையன்று. எந்த வாயிலைத் தட்ட வேண்டுமென்று அறிந்து, குடும்பத்தை அவ்வாயில் வரை அழைத்துச் செல்பவர் அவர்.

அவர் செய்யத்தகாதன எவை என்பதையும் அச்சங்கம் தெளிவாகக் கூறியுள்ளது. தண்டனை வழங்குதல், வராத ஆசிரியருக்கு மாற்றாக வகுப்பை மேய்த்தல், தேர்வு வேலைகளை ஒருங்கிணைத்தல், அலுவலக எழுத்து வேலை ஆகியவை அவருக்கு உரியனவல்ல. பிரம்பைக் கையில் வைத்திருப்பவரிடம் எக்குழந்தையும் மனத்தைத் திறவாது என்பதை விளக்கவும் வேண்டுமோ?

காரணம் எங்கே இருந்தது?

இப்பணியின் தன்மையை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்வோம். நெசவாளர் குடியிருப்பு ஒன்றின் அருகேயுள்ள பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். சென்ற ஆண்டு நன்றாக வாசித்தவள், இவ்வாண்டு பின்தங்கிவிட்டாள். அடிக்கடி வருவதில்லை, வந்தாலும் பேசுவதில்லை. ‘அக்கறையற்றவள்’ என்று வகுப்பாசிரியர் குறித்து வைக்கிறார். தாயை அழைத்துக் கண்டிக்கின்றனர். தாய் வீட்டுக்குச் சென்று மகளை அடிக்கிறாள். ஒரு வாரம் ஒழுங்காக வருகிறாள். மறு வாரம் பழைய கதையே.

ஆலோசகர் இதனை எவ்வாறு தொடங்குவார்? முதலில் அவர் கேட்பது குழந்தையை அன்று, வருகைப் பதிவேட்டை. வராத நாட்களை வரிசையாக எழுதிப் பார்க்கிறார். அவை பெரும்பாலும் வாரத்தின் ஒரே கிழமையில் விழுந்திருக்கின்றன. சோம்பலுக்குக் கிழமை கிடையாது. ஆகவே இது சோம்பலன்று என்ற முடிவுக்கு வருகிறார்.

அடுத்து, சிறுமியை அழைத்து, “ஏன் வரவில்லை?” என்று வினவாமல், “நேற்றுக் காலையில் எழுந்தது முதல் என்னென்ன செய்தாய், கண்ணு?” என்று கேட்கிறார். முதற் கேள்வியில் குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. இரண்டாவதில் அது இல்லை. சிறுமி வீட்டைப் படமாக வரைகிறாள். தறி இருக்கிறது, தொட்டில் இருக்கிறது, தொட்டிலருகே அவள் நிற்கிறாள், தாய் படத்தில் இல்லை.

மூன்றாவதாகத் தாயைச் சந்திக்கிறார். கண்டிப்பதற்கன்று, கேட்பதற்கு. அந்தக் கிழமையில்தான் சங்கத்தில் நெய்த துணியை ஒப்படைத்து, கூலி பெற்று, அடுத்த பாவுக்கு நூல் வாங்கிவர வேண்டும். காலை பத்து மணிக்குத் தொடங்கும் வேலை பிற்பகல் வரை நீள்கிறது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. வாரத்துக்கு ஒரு நாள் தவறிய பாடம், அடுத்த நாளின் பாடத்தை விளங்காமற் செய்கிறது. விளங்காதவள் வாய் மூடுகிறாள். வாய் மூடியவளை ஆசிரியர் அக்கறையற்றவள் என்கிறார். அவ்வாறாக ஒரு வாசகி மெல்ல மெல்ல மறைந்துபோகிறாள்.

இதற்குத் தீர்வு யாது? சிறுமிக்கு அறிவுரை கூறுவதால் பயனில்லை. அன்று கைக்குழந்தையை அங்கன்வாடியிலோ அண்டை வீட்டிலோ விட ஏற்பாடு செய்யலாம். தவறிய பாடத்தை மறுநாள் ஒரு தோழி சொல்லிக்கொடுக்க ஆசிரியர் வழி செய்யலாம். எல்லாவற்றினும் எளிய தீர்வு சங்கத்தின் கையிலேயே உள்ளது. கைக்குழந்தையுள்ள தாய்மாரின் துணியை முதலில் அளந்து வாங்கி, அவர்களை விரைவில் அனுப்பிவிடுமாறு ஒழுங்கு செய்தால் போதும்.

நெசவாளருக்குச் சொன்னது விவசாயிக்கும் பொருந்தும். அறுவடைக் காலத்தில் மட்டும் காணாமற்போகும் மாணவன், கரும்பு வெட்டும் பெற்றோரோடு ஊர் ஊராகச் செல்லும் மாணவி, கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் காவல் காக்கும் தந்தைக்குச் சோறு கொண்டுசெல்லும் சிறுவன் ஆகியோரின் பதிவேடுகளும் இத்தகைய கணக்கையே காட்டக்கூடும். குழந்தையிடம் தென்படும் குறையின் வேர் சில வேளைகளில் வீட்டிலும், சில வேளைகளில் நம் சங்க அலுவலகத்திலுமே இருக்கிறது.

இரகசியமும் அதன் எல்லையும்

குழந்தை சொன்னதை ஆலோசகர் ஊரெங்கும் சொல்லித் திரிவதில்லை; ஆசிரியர் அறையிலும் பேசுவதில்லை. இரகசியம் காக்கப்படாவிடின் நம்பிக்கை இராது. ஆயினும் அதற்கு எல்லை உண்டு. குழந்தையின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேரும் என்று தோன்றினால், உரியவரிடம் அறிவித்தே தீர வேண்டும். இந்த எல்லையை முதல் நாளிலேயே குழந்தைக்குப் புரியும் சொற்களில் ஆலோசகர் எடுத்துரைக்கிறார்.

நம் நாட்டில் 2012 ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அத்தகைய குற்றத்தை அறிந்த எவரும் காவல் துறைக்கு அறிவித்தல் கடமை என விதிக்கிறது. ஆலோசகர், ஆசிரியர் ஆகியோர்க்கு மட்டுமன்று, அண்டை வீட்டாருக்கும் சங்கச் செயலாளருக்கும் இக்கடமை உண்டு. குடும்ப மானம் கருதி மூடி மறைத்தலைச் சட்டம் ஏற்பதில்லை, அறமும் ஏற்காது. இடர்ப்படும் குழந்தைக்காக 1098 என்ற எண்ணுக்கு எந்நேரமும் தொலைபேசியில் அறிவிக்கலாம்.

நம் நாட்டின் நிலை

டாக்டர் டி. எஸ். கோத்தாரி தலைமையில் 1964 இல் அமைந்து 1966 இல் அறிக்கை அளித்த கல்விக் குழு, வழிகாட்டுதல் ஆரம்பப் பள்ளியின் கீழ் வகுப்பிலிருந்தே தொடங்க வேண்டுமென்று கூறிற்று. அமெரிக்கச் சட்டம் ஆரம்பப் பள்ளிக்கு விரிந்த அதே ஆண்டுகளில் நம் அறிஞரும் இவ்வாறே சிந்தித்தனர் என்பது பெருமைக்குரியது. ஆனால் பள்ளிகளோ மிகப் பல, பொருளோ குறைவு. ஆகவே ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்குப் பயிற்சிக் காலத்திலேயே குழந்தைகளின் வேறுபாடுகளை அறியவும் இடர்ப்பாட்டின் காரணத்தைக் கண்டறியவும் கற்பிக்க வேண்டுமென்றும், உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பத்துப் பள்ளிக்கு ஒருவராகச் சுற்றிவரும் ஆலோசகரையேனும் அமர்த்த வேண்டுமென்றும் அக்குழு பரிந்துரைத்தது.

2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் குழந்தையை அடித்தலையும் மனத்தைப் புண்படுத்துதலையும் தடை செய்தது. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், எழுத்துக்களைப் படிப்பதிலும் கணக்கிடுவதிலும் சில குழந்தைகளுக்கு இயல்பாகவே அமையும் கற்றல் குறைபாட்டை ஒரு மாற்றுத்திறனாக ஏற்றுக்கொண்டது. ‘மக்கு’ என்று நாம் ஒதுக்கிய குழந்தைகளுள் சிலர் உண்மையில் இவர்களே. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 பேரும் அதற்கு மேலும் பயிலும் கல்வி நிலையங்கள் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலறிஞர், சமூகப் பணியாளர் ஆகியோருள் ஒருவரையேனும் அமர்த்த வேண்டுமென்றும், அதனினும் சிறிய நிலையங்கள் வெளியிலுள்ள வல்லுநரோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டுமென்றும் நெறி வகுத்தது.

ஊர்ப்புற ஆரம்பப் பள்ளிகள் பலவற்றில் நூறு பேர் இல்லை. இரண்டு ஆசிரியர்களே ஐந்து வகுப்புகளையும் நடத்துகின்றனர். அங்கே ஆலோசகர் வந்து அமரும் நாளை எதிர்பார்த்துக் கைகட்டி நிற்பது தகாது. ஆலோசகர் வராவிடினும் ஆலோசனை நின்றுவிடக் கூடாது.

நம் சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவதாக, பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் அங்கத்தினர்கள் ஊக்கத்துடன் பங்கு கொள்ள வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டும். பொதுக்குழுவில் வரவு செலவைக் கேட்டறிந்து பழகிய நமக்கு இது புதிதன்று. கட்டடத்துக்குச் சுண்ணாம்பு அடித்ததை மட்டும் கேளாமல், “தொடர்ந்து வராத குழந்தைகள் யார்? வராமைக்குக் காரணம் தேடியவர் யார்?” என்றும் கேட்போமாக.

இரண்டாவதாக, நூல் வழங்கும் நாள், கூலி வழங்கும் நேரம், விளைபொருள் எடுக்கும் முறை ஆகியவற்றால் எந்தக் குழந்தையின் பள்ளி நாளாவது கெடுகிறதா என்று நிருவாகக் குழு ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆராய்தல் வேண்டும். இதற்குச் செலவில்லை, கவனமே வேண்டும்.

மூன்றாவதாக, தறியடியிலும் களத்திலும் குழந்தையின் கையை நம்பியிருக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். பதினான்கு வயது நிரம்பாத குழந்தையை வேலைக்கு வைத்தல் சட்டப்படி குற்றம். இடர் மிக்க தொழில்கள் நீங்கலான குடும்பப் பணியில்கூட, பள்ளி நேரத்துக்குப் பின்னரும் விடுமுறையிலும் மட்டுமே, படிப்புக்கு ஊறின்றிக் குழந்தை உதவலாம் என்று 2016 இல் திருத்தப்பெற்ற சட்டம் வரையறுக்கிறது. இரவு வெகுநேரம் தார் சுற்றிய சிறுவன் காலையில் வகுப்பில் உறங்கினால், அவனை எழுப்ப வேண்டியவர் ஆசிரியரல்லர். உணர வேண்டியவர் நாமே.

நான்காவதாக, கண்ணையும் காதையும் முதலில் சோதிக்கச் செய்வோம். பலகை தெரியாத குழந்தை பார்த்தெழுதத் தவறும். காது மந்தமான குழந்தை கீழ்ப்படியாததுபோலத் தோன்றும். 2013 இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு வருகிறது. அந்நாளில் எக்குழந்தையும் விடுபடாமல் பார்த்துக்கொள்வதும், மேற்சிகிச்சைக்கு எழுதித் தந்தால் தவறாது அழைத்துச் செல்வதும் பெற்றோர் கடமை. சங்கத்தின் துணைவிதிகள் இடந்தருமாயின், பொது நல நிதியிலிருந்து வழிச்செலவுக்கு உதவலாம்.

ஐந்தாவதாக, உதவி எண்களைச் சங்க அறிவிப்புப் பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைக்கலாம். குழந்தைப் பாதுகாப்புக்கு 1098. தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் வழிகாட்டுதலுக்கு 14417. மனநல ஆலோசனைக்கு, 2022 முதல் நாடெங்கும் இயங்கிவரும் 14416. கடைசியிற் சொன்னது பெற்றோருக்கும் பயன்படும். கடனாலும் மதுவாலும் கலங்கிய வீட்டில் முதலில் உதவி வேண்டுபவர் பெரியவராகவும் இருக்கலாம்.

இறுதியாக, ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் கால் மணி நேரம் குழந்தையின் பேச்சுக்குச் செவி கொடுப்போமாக. “எத்தனை மார்க்கு?” என்று கேட்டவுடன் பேச்சு முடிந்துவிடுகிறது. “இன்று யாரோடு விளையாடினாய்?” என்று கேட்டால் பேச்சு தொடங்குகிறது. குழந்தை சொல்லும்போது குறுக்கே அறிவுரை கூறாமலும், அண்ணனோடும் அடுத்த வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிடாமலும் கேட்டுப் பழகுதல் நாம் யாவரும் கற்கத்தக்க கலை.

பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி அதனைத் தேடிப் பிணைக்கிறார். ‘ஆயிரம் இழையில் ஒன்றுதானே’ என்று விட்டுவிடுவதில்லை. விட்டுவிட்டால் அக்குறை துணியின் கடைசி முழம் வரை கோடாக ஓடும் என்பதை அவர் அறிவார். பள்ளி ஆலோசகரின் பணியும் அதுவே. அவர் கிடைக்கும் இடத்தில் அவருக்குத் துணை நிற்போம். கிடைக்காத இடத்தில் ஆசிரியரும் பெற்றோரும் சங்கமும் ஒன்றுகூடி அப்பணியைப் பகிர்ந்துகொள்வோம். ஒருவரால் இயலாததைப் பலர் கூடிச் செய்வதற்குத்தானே நாம் கூட்டுறவு என்று பெயரிட்டிருக்கிறோம்.